'சில்லி'யின் பூர்வீகம் தேட எந்த அகராதி?

ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் 'ஏன்ஷியன்ட் மரினர்' 1798இல் வெளிவந்த கவிதை. அதன் ஐந்தாம் பகுதியில், தாகத்தால் வாடிக் கிடந்த மாலுமி ஒருவழியாகக் கண்ணயர்கிறான். கப்பல் தளத்தில் வெகுநாளாகக் கிடந்த வாளிகளில் பனிநீர் நிரம்புவதாகக் கனவு வருகிறது. விழித்துப் பார்த்தால் மழை. அந்த வாளிகளைக் கவிஞர் 'சில்லி' வாளிகள் என்கிறார், இன்றைய ஆங்கிலத்தில் முட்டாள்தனமான என்று பொருள்படும் அதே 'சில்லி'.

தமிழில் பெயர்க்க உட்கார்ந்தவருக்கு இங்கே கை நின்றுவிடும். 'முட்டாள் வாளிகள்' என்று எழுதினால் காட்சியே கேலிக்கூத்தாகிவிடும். மேசையில் இருக்கும் ஆங்கிலம்-தமிழ் அகராதி இன்றைய பொருளை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கோல்ரிட்ஜ் காலத்தில் இந்தச் சொல்லுக்கு வேறென்ன பொருள் இருந்தது என்று தேடியாக வேண்டும். தேட இடங்களுக்குப் பஞ்சமில்லை. இலவசமாகவே ஐந்தாறு அகராதிகள் இணையத்தில் இருக்கின்றன, பணம் கட்டிப் பார்ப்பது தனி. ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர், மொழிபெயர்ப்பாளர், சொல்லாராய்ச்சியில் சும்மா ஓர் ஆர்வம் உள்ளவர் என்று யாராக இருந்தாலும் முதலில் திறக்க வேண்டியது எதை? இந்த ஒரே சொல்லை எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தால் ஒவ்வோர் அகராதியின் பலமும் பலவீனமும் தெரிந்துவிடும்.

'சில்லி' இந்தச் சோதனைக்கு வாகான சொல். பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் எழுத்தில் 'கெசேலிக்'. ஒலியில் அப்படியல்ல. முன்னால் உள்ள ககரமும் கடைசியில் உள்ள ககரமும் யகரமாகக் கரைந்து, ஏறக்குறைய 'யெசேலி' என்று கேட்டிருக்கும். 'சேல்' என்றால் வேளை, நல்ல காலம், மகிழ்ச்சி. அப்படியானால் 'யெசேலி' என்பது நல்ல வேளை வாய்த்தவர், பாக்கியசாலி. பிறகு முன்னொட்டு தேய்ந்து 'சேலி' ஆனது, 'சீலி' ஆனது, உயிர் குறுகி 'சில்லி'யில் வந்து நின்றது. பொருளும் கூடவே இறங்கியது. பாக்கியசாலி இறையருள் பெற்றவரானார், அடுத்துக் கள்ளங்கபடம் அறியாதவரானார், அப்புறம் 'ஐயோ பாவம்' என்று சொல்ல வைப்பவரானார், பலமில்லாதவரானார், கடைசியில் புத்தியில்லாதவராகவும் ஆனார். ஜெர்மன் மொழியில் இதே வேரில் பிறந்த 'ஸேலிக்' இன்றும் மரியாதையோடு இருக்கிறது. லூதரின் பைபிளில் மலைப்பிரசங்கத்தின் 'பாக்கியவான்கள்' வரிகள் அந்தச் சொல்லில்தான் தொடங்குகின்றன. அங்கே வேதத்தில் அமர்ந்திருக்கும் சொல், ஆங்கிலத்தில் மட்டையாளர் மூக்குக்கு நேரே நிற்கும் 'சில்லி பாயின்ட்' ஆகிவிட்டது.

முதலில் பெரும்பாலோர் போகும் இடம் 'ஆன்லைன் எட்டிமாலஜி டிக்ஷனரி', சுருக்கமாக எட்டிம்ஆன்லைன். டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் 2000களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. இலவசம், வேகம், கைபேசியில் சுலபம். 'சில்லி' என்று தட்டினால் மேலே சொன்ன பொருள் பயணம் முழுதும் ஒரே பத்தியில் வந்துவிடும். 'களங்கமற்ற' என்ற பொருள் ஏறக்குறைய 1200, 'இரங்கத்தக்க' 13ஆம் நூற்றாண்டின் கடைசி, 'பலவீனமான' சுமார் 1300, 'மூடத்தனமான' 1570கள் என்று ஆண்டுக் குறிப்புகளும் இருக்கும். இனமொழிச் சொற்களும் உண்டு. பழைய நோர்ஸ் மொழியின் 'சேல்', காதிக் மொழியின் 'சேல்ஸ்', இன்னும் பின்னோக்கிப் போனால் கிரேக்கத்தில் களிப்பைக் குறிக்கும் 'ஹிலரோஸ்' வரைக்கும் கொண்டுபோய் விடும்.

வினாடி வினா நடத்துகிறவருக்கும், நண்பர்களிடம் சுவையாகச் சொல்ல நினைப்பவருக்கும் இது தாராளமாகப் போதும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஆண்டைச் சொல்லும் இந்த அகராதி, அந்த ஆண்டில் யார் எந்த வரியில் அப்படி எழுதினார் என்பதைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. பொருள்கள் படிக்கட்டுபோல் வரிசையாக நிற்கும். படிக்கிறவர் என்ன நினைத்துக்கொள்வார்? ஒரு பொருள் முடிந்த பிறகு அடுத்தது தொடங்கியது என்றும், 1570களுக்கு முன் இந்தச் சொல்லில் முட்டாள்தனத்தின் சாயல் துளிகூட இல்லை என்றும் நினைத்துக்கொள்வார். சொற்கள் அப்படி ஒழுங்காகப் படி இறங்குவதில்லை. பழைய பொருளும் புதிய பொருளும் நூறு இருநூறு ஆண்டுகள் ஒரே வீட்டில் குடியிருக்கும்.

இதைக் கண்ணால் பார்க்க ஆங்கிலக் கவிஞர் சாசரிடம் போக வேண்டும். அவர் இறந்தது 1400இல், அந்த 1570களுக்கு நூற்றெழுபது ஆண்டு முன்னால். 'கேன்டர்பரி கதைகள்' நூலில் இரண்டு இடங்களை எடுத்துக்கொள்வோம். கன்னித்துறவித் தலைவி சொல்லும் கதையில் ஒரு சிறுவன் வருகிறான். தாய் சொல்லிக்கொடுத்த பக்தியை அப்படியே பிடித்துக்கொள்கிறான். 'சேலி பிள்ளை எப்போதும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும்' என்கிறது வரி. இங்கே 'சேலி' நல்ல பிள்ளை, மாசில்லாத பிள்ளை, தெய்வ அருள் உள்ள பிள்ளை. இதே நூலில் மில்காரன் சொல்லும் கதையில் ஆக்ஸ்போர்டுத் தச்சன் ஜான் வருகிறான். வயதானவன், மனைவி இளையவள். வீட்டில் குடியிருக்கும் மாணவன் நிக்கோலஸ், நோவா காலத்துப் பெருவெள்ளம் மறுபடி வரப்போகிறது என்று கதை கட்டுகிறான். ஜான் நம்பி, கூரையில் தொட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டு, தான் ஒரு தொட்டியில் ஏறிப் படுத்துக்கொள்கிறான். கீழே மனைவியும் மாணவனும் சேர்ந்து விடுகிறார்கள். கடைசியில் கயிற்றை அறுத்துக்கொண்டு தொட்டியோடு விழுந்து கை முறிந்து, ஊரே கூடிச் சிரிக்கிறது. இந்த ஜானை சாசர் திரும்பத் திரும்ப 'சேலி தச்சன்' என்கிறார்.

இவன் பாக்கியசாலி இல்லை என்பது வெளிப்படை. அப்பாவியா, பரிதாபத்துக்குரியவனா, ஏமாளியா? மூன்றும்தான். சொல்கிற குரலில் இரக்கம் பாதி, நக்கல் பாதி. 1570களில்தான் 'மூடன்' என்ற பொருள் வந்தது என்ற குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இடத்தைப் படித்தால் நக்கல் காதில் விழாது. முழு முட்டாள் என்ற பொருள் பிற்காலத்தில் கெட்டிப்பட்டது உண்மைதான். ஆனால் அதன் விதை இங்கே முளைவிட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் கைகொடுப்பது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் 'மிடில் இங்கிலீஷ் டிக்ஷனரி'. என் ஓட்டு இதற்குத்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். 1100 முதல் 1500 வரையிலான ஆங்கிலத்துக்கு மட்டுமான அகராதி இது. முதல் பகுதி 1952இல் அச்சானது, கடைசிப் பகுதி 2001இல். ஏறக்குறைய 15,000 பக்கம். அரை நூற்றாண்டு உழைப்பு முழுதையும் இன்று இணையத்தில் காசில்லாமல் திறந்து வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் ஆங்கில முதுகலை படிக்கும் பிள்ளைகள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை என்பது எனக்கு ஆதங்கம். சாசர் பாடத்தில் இருக்கும், கையில் இருப்பது உரைநூலாக இருக்கும்.

பயன்படுத்துவதில் ஒரு நெளிவுசுளிவு இருக்கிறது. இங்கே தலைச்சொற்கள் பழைய வடிவில் நிற்கும். இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு 'இல்லை' என்று திரும்பிவிடக் கூடாது. எஸ், ஈ, எல், ஐ என்று தட்ட வேண்டும். மாற்று எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்துத் தேடும் வசதி உண்டு, அதைத் தேர்ந்துகொண்டால் வேலை எளிது. பக்கம் திறந்ததும் மிரட்டுவதுபோல் இருக்கும். முதலில் எழுத்துக்கூட்டல் வகைகள், பிறகு பொருள் பிரிவுகள், ஒவ்வொரு பிரிவின் கீழும் மேற்கோள் வரிகள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஆண்டு, நூல், கைப்பிரதி விவரம். கண்ணைக் கட்டும் சுருக்கக் குறிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆண்டையும் வரியையும் மட்டும் மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டே வந்தால் போதும். பத்து நிமிடத்தில் ஒரு சொல் முகம் மாறுவது தெரியும். புனிதர்களின் கதையிலும் கிராமத்து ஏமாளியின் கதையிலும் ஒரே சொல் புழங்குவதும், உரையாசிரியர்கள் சிலர் ஒரு பொருளை மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதும் பிடிபடும்.

பாக்கியத்திலிருந்து மடமைக்கு ஒரு சொல் இறங்குமா என்று ஐயப்படுகிறவர்களுக்குத் தமிழில் எதிர்த்திசைப் பயணமே இருக்கிறது. 'ஏமுற் றவரினும் ஏழை தமியனாய்ப் பல்லார் பகைகொள் பவன்' என்ற குறளில் 'ஏழை' பணமில்லாதவன் இல்லை, அறிவில்லாதவன். தனியாளாக நின்று பலரைப் பகைத்துக்கொள்பவன் பித்துப் பிடித்தவனைவிட அறிவற்றவன் என்கிறார் வள்ளுவர். இன்று அந்தச் சொல்லில் மடமை போய்விட்டது, இல்லாமையும் இரக்கமும் நிற்கின்றன. மடமையும் இரக்கமும் எந்த மொழியிலும் அடுத்தடுத்த வீடுதான் போலிருக்கிறது. சாசரின் ஜானுக்கு நான் 'அப்பாவித் தச்சன்' என்றே போடுவேன். 'அப்பாவி' என்று நாம் சொல்லும்போதும் பாதி இரக்கம், பாதி சிரிப்பு.

மிச்சிகன் அகராதியின் எல்லை 1500. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று அது சொல்லாது. ஷேக்ஸ்பியரின் 'ஆறாம் ஹென்றி' மூன்றாம் பாகத்தில், போர்க்களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அரசன் புலம்புகிறான். மன்னர்க்குரிய பூவேலைப்பாட்டு விதானத்தைவிட, தம் 'சில்லி' ஆடுகளைப் பார்த்தபடி இடையர்கள் உட்காரும் முட்புதரின் நிழல் இனிது என்கிறான். மில்டன் 1629இல் எழுதிய கிறிஸ்து பிறப்புப் பாட்டில் இடையர்களின் எண்ணங்கள் 'சில்லி'. ஸ்பென்சரின் 'அமோரெட்டி' 63ஆம் பாட்டில் புயலில் அலைக்கழியும் ஓடமும் 'சில்லி'. ஆடுகளும் இடையர்களும் முட்டாள்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஓடத்துக்கு ஏது புத்தி? சாதுவான, எளிய, தற்காப்பில்லாத என்பதே பொருள்.

இந்தக் காலத்துக்கு நான் சொல்வது பலருக்கு வியப்பாக இருக்கலாம். சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதி. பழசு, எள்ளலான விளக்கங்களுக்காக மட்டும் நினைவுகூரப்படுவது, இன்று என்ன பயன் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பயன் அதன் பழமையில்தான். ஜான்சன் 'சில்லி'க்கு மூன்று பொருள் தருகிறார். முதலாவது: தீங்கற்ற, களங்கமில்லாத, எளிய, சூதறியாத. இரண்டாவது: பலமற்ற, நாதியற்ற. மூன்றாவதாகத்தான் மூடத்தனமான, அறிவற்ற என்று வருகிறது. கோல்ரிட்ஜ் எழுதுவதற்கு 43 ஆண்டுகள் முன்பு, படித்த ஆங்கிலேயர் கையில் இருந்த புத்தகம் இது. வாளிக்கான விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. பழைய கதைப்பாட்டுகளின் நடையைப் பாவித்து எழுதிய கவிஞர், வேண்டுமென்றே பழம்பொருளில் சொல்லை எடுத்திருக்கிறார். அவை நாதியற்றுக் கிடந்த வாளிகள். நான் அப்படித்தான் பெயர்ப்பேன், வேறு யாராவது 'பாவப்பட்ட வாளிகள்' என்றால் சண்டைக்குப் போக மாட்டேன்.

ஜான்சனிடம் கேட்கக் கூடாததும் உண்டு. வேர்ச்சொல்லுக்கு அவரிடம் போகாதீர்கள். 'சில்லி'க்கு ஜெர்மன் 'ஸேலிக்' என்று குறித்து, ஸ்கின்னர் சொன்னது என்று பழியையும் புகழையும் அவர் மேல் போட்டுவிடுகிறார். ஸ்டீபன் ஸ்கின்னர் லிங்கன் நகரத்து மருத்துவர், அவருடைய சொற்பிறப்பு நூல் அவர் இறந்தபின் 1671இல் அச்சேறியது. இந்தச் சொல் விஷயத்தில் அது உறவைச் சரியாகத்தான் தொட்டது, ஆனால் ஆங்கிலச் சொல் ஜெர்மனிலிருந்து வந்ததுபோல் தோற்றம் தருகிறது. உண்மையில் இரண்டும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள். மற்ற பல சொற்களுக்கு ஜான்சன் தரும் பிறப்புக் கதைகள் இந்த அளவுகூடத் தேறாது. இன்னொன்று, மேற்கோளுக்கு ஆசிரியர் பெயர் இருக்கும், ஆண்டு இருக்காது. முழு அகராதியும் இணையத்தில் இலவசமாகத் தேடும் வடிவில் இருப்பதால் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்கு இவ்வளவு நேரம் வராததற்குக் காரணம் பணம். எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் அதற்கு நிகர் இல்லை, அதில் வாதமே கிடையாது. லண்டன் மொழியியல் கழகத்தில் 1857இல் பேச்சு எழுந்து, ஜேம்ஸ் மரே 1879இல் பொறுப்பேற்று, முதல் பகுதி 1884இல் வெளிவந்து, 1928இல் முடிந்த வேலை. முதல் பதிப்பில் 4,14,825 சொற்கள், 18,27,306 மேற்கோள்கள். பொதுமக்கள் துண்டுச்சீட்டில் எழுதி அஞ்சலில் அனுப்பிய வரிகளிலிருந்து பொறுக்கியெடுத்தவை. கொலைக் குற்றத்துக்குப் பிறகு பிராட்மூர் மனநோய்க் காப்பகத்தில் அடைபட்டிருந்த அமெரிக்க மருத்துவர் வில்லியம் மைனரும் அப்படி அனுப்பியவர்களில் ஒருவர்.

நம் சொல் அங்கே ஒன்றாக இல்லை, இரண்டாக இருக்கிறது. 'சீலி' என்ற பழைய வடிவத்துக்குத் தனிப் பதிவு, 'சில்லி'க்குத் தனிப் பதிவு. அகரவரிசையில் தள்ளித் தள்ளி விழுந்ததால் முதல் பதிப்பில் இவற்றைத் தொகுத்த ஆசிரியர்களும் வேறு வேறு. எஸ் எழுத்தின் தொடக்கம் ஹென்ரி பிராட்லியின் பொறுப்பு, 'எஸ்-ஐ' யிலிருந்து வில்லியம் கிரெய்கியின் பொறுப்பு. இதைத் தெரிந்துகொள்ளாமல் 'சில்லி'யை மட்டும் புரட்டினால் பாக்கியசாலிக் காலம் முழுவதும் கைநழுவிப் போகும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால்தான் கதை முழுமையாகும். இணையப் பதிப்பில் அது ஒரு சொடுக்கு.

1500க்குப் பிந்திய மேற்கோளும் ஆண்டும் சேர்ந்து வேண்டுமானால் இதற்கு மாற்று கிடையாது. ஆகஸ்ட், செப்டம்பரில் பாராளுமன்றம் விடுமுறைக்குப் போன பிறகு பத்திரிகைகள் செய்தியில்லாமல் சில்லறைச் சங்கதிகளை ஊதிப் பெருக்குவதை 'சில்லி சீசன்' என்பார்கள். 1861 முதல் அதற்குச் சான்று உண்டு. கிரிக்கெட்டின் 'சில்லி' இடங்களும் இங்கே தனிப் பொருளாக நிற்கும். இப்படிக் கிளைத்த புழக்கங்களை ஜான்சனோ மிச்சிகனோ தர வழியில்லை. ஆனால் சந்தா இல்லாதவருக்கு இணையத்தளம் கொஞ்சம்தான் கதவு திறக்கும். சேர்ந்திருக்கும் பல்கலைக்கழக நூலகத்தில் அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுவிடுவது நல்லது. பிரிட்டனில் இருக்கும் தமிழர்களுக்கு இது இன்னும் எளிது, அங்கே பல பொது நூலகங்களின் உறுப்பினர் அட்டை எண்ணை வைத்தே உள்ளே போகலாம்.

பணமும் இல்லை, நூலக அனுமதியும் இல்லை என்றால் முதல் பதிப்பைத் தேடுங்கள். காப்புரிமை தீர்ந்த அதன் தொகுதிகள் படப்பிரதிகளாக இன்டர்நெட் ஆர்கைவில் கிடக்கின்றன. தேடுவது தொல்லை, எழுத்து பொடி, பக்கம் மெதுவாகத் திரும்பும். ஆனாலும் 'சில்லி' போன்ற பழைய சொல்லுக்கு நூறு வருடத்துக்கு முந்திய அந்தப் பதிவே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும்.

பழைய ஆங்கிலக் காலத்துக்கே போக நினைப்பவருக்கு பாஸ்வர்த்-டாலர் அகராதி. 1898இல் முடிந்த பெருந்தொகுதியும் 1921இன் பின்னிணைப்பும் சேர்ந்தது, செக் நாட்டு பிராகா நகரின் சார்லஸ் பல்கலைக்கழகம் இலவசமாக இணையத்தில் ஏற்றியிருக்கிறது. பொறி என்னவென்றால், நம் சொல்லை இங்கே 'எஸ்' எழுத்தில் தேடக் கூடாது. முன்னொட்டோடு சேர்த்து 'ஜி' எழுத்தில் தேட வேண்டும். உள்ளே மகிழ்ச்சியான, செழிப்பான, பேறுபெற்ற என்று பொருள் வரிசை வரும். ரோமானியத் தத்துவஞானி போயத்தியஸின் நூலுக்கு ஆல்ஃபிரட் மன்னர் பெயரால் வழங்கும் மொழிபெயர்ப்பில் இன்பம், செல்வம் என்பவற்றைக் குறிக்கும் சொல்லும் இதன் உறவுதான். கனடாவின் டொராண்டோவில் இதைவிட நவீனமான பழைய ஆங்கில அகராதி உருவாகி வருகிறது. தரம் மிக உயர்வு. அகரவரிசையில் 'எஸ்' வரை அவர்கள் இன்னும் வந்து சேரவில்லை, அதனால் நமக்கு இப்போதைக்குப் பயனில்லை.

வேர் மட்டும் தெரிந்தால் போதும் என்பவருக்கு ஸ்கீட். கேம்பிரிட்ஜில் பழைய ஆங்கிலப் பேராசிரியராக இருந்த வால்டர் ஸ்கீட்டின் சொற்பிறப்பு அகராதி 1879 முதல் 1882 வரை வெளிவந்தது, திருத்திய நான்காம் பதிப்பு 1910. சாசரின் படைப்புகளைப் பதிப்பித்தவர் என்பதால் பழைய வடிவங்களில் அவருக்கு நல்ல பிடி. 'சில்லி'யின் முதல் பொருள் 'காலத்தோடு பொருந்திய' என்று அவர் தொடங்குவது அழகு. ஆனால் நூறு ஆண்டுகளில் மொழியியல் நகர்ந்துவிட்டது. 1966இல் வந்த ஆனியன்ஸின் ஆக்ஸ்போர்டு சொற்பிறப்பு அகராதி கைக்கு வந்தால் அதையே எடுங்கள்.

யாரும் எழுதித் திருத்தக்கூடிய இணைய அகராதியான விக்சனரியைப் பற்றி இரண்டு வரி. இனமொழிச் சொற்களுக்கு அது நன்று, சில பதிவுகள் அசத்தலாக இருக்கும், சில பதிவுகளில் யாரோ போகிறபோக்கில் எழுதியது அப்படியே நிற்கும். எது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க வேறொரு அகராதி தேவைப்படும் என்பதால் முதல் படியாக நான் சொல்ல மாட்டேன். செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலிகளைக் கேட்பவர்களும் பெருகிவிட்டார்கள். கேளுங்கள், தப்பில்லை. அது ஒரு மேற்கோள் வரியைக் காட்டினால், அந்த வரி மிச்சிகனிலோ மூலநூலிலோ உண்மையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே உங்கள் கட்டுரையில் ஏற்றுங்கள். இல்லாத வரியைப் பொருத்தமான ஆண்டோடு உண்டாக்கித் தருவதில் அவை கைதேர்ந்தவை.

ஊர்ப்பெருமைக் கதைகளுக்கும் இதே அளவுகோல்தான். இங்கிலாந்தின் கிழக்கே சஃபக் மாவட்டத்தை 'சில்லி சஃபக்' என்பார்கள். முட்டாள்கள் ஊர் என்று நினைக்காதீர்கள், தேவாலயங்கள் நிறைந்த 'புனித சஃபக்' என்பதே பழைய பொருள் என்று உள்ளூர்க்காரர்கள் விளக்குவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சொற்பிறப்பு ஒலியளவில் இடமும் தருகிறது. ஆனால் கதை சொல்பவர்கள் பெரும்பாலும் பழைய வரி எதையும் எடுத்துக் காட்டுவதில்லை. வேரை மட்டும் பிடித்துக்கொண்டால் எந்தக் கதையையும் கட்டலாம். ஒரு குறிப்பிட்ட ஆண்டில் ஒரு குறிப்பிட்ட ஆள் எழுதிய வரிதான் அந்தக் கதையை நிற்க வைக்கும், இல்லாவிட்டால் விழ வைக்கும். அதனால்தான் வேர் சொல்லும் அகராதியைவிடச் சான்று வரி காட்டும் அகராதிக்கு முதல் இடம் தருகிறேன்.

சாசரோ அவர் காலத்து வேறு நூலோ பாடமாக இருக்கும் மாணவருக்கு மிச்சிகன் ஒன்றே போதும், உரைநூலுக்கு முன்னால் அதைத் திறக்கலாம். ஷேக்ஸ்பியர் முதல் கோல்ரிட்ஜ் வரை மொழிபெயர்க்கிறவர் ஜான்சனை முதலில் பார்த்து, ஆண்டு தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் ஆக்ஸ்போர்டின் முதல் பதிப்புக்குப் போகலாம். மொழிபெயர்ப்பே தொழில் என்றால் ஆக்ஸ்போர்டு சந்தாவைச் செலவாகப் பார்க்க வேண்டாம். ஒரே நூலுக்காகத்தான் என்றால் கட்ட வேண்டாம். எட்டிம்ஆன்லைனை யாரும் கைவிடத் தேவையில்லை, கதவைத் தட்ட அது நல்ல இடம், உள்ளே போய் உட்கார வேறு வீடு வேண்டும்.

புத்தகமாகவே அலமாரியில் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 1971இல் ஆக்ஸ்போர்டு அகராதி முழுவதையும் இரண்டே தொகுதியில், பழைய பக்கம் நான்கை ஒரு பக்கத்தில் சுருக்கி அச்சிட்டார்கள். பழைய புத்தகச் சந்தையில் எப்போதாவது தலைகாட்டும். எழுத்து எறும்பு அளவு, வெறும் கண்ணால் முடியாது. தொகுதிகளை வைக்கும் அட்டைப்பெட்டியின் மேல்பகுதியில் சின்ன இழுப்பறை ஒன்று இருக்கும், உருப்பெருக்கிக் கண்ணாடி அதற்குள் வரும். விலை பேசும் முன் அதை இழுத்துப் பார்த்துவிடுங்கள், பல பிரதிகளில் கண்ணாடி காணாமல் போயிருக்கும்.